படுத்தால்தான் படபடக்கிறது

கேள்வி: எனக்கு 46 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகக் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. மதியத்துக்கு மேல் தலைவலி. பல் மருத்துவர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், ரிலாக்ஸாக இருங்கள் என்றார். பொது மருத்துவர் ஈ.சி.ஜி., தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, ரிலாக்ஸாக இருங்கள் என்றார். கொடைக்கானலில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தால் ரிலாக்ஸாக இருக்கும் என்கிறார் கணவர். மகள் தன் செல்போனைக் கையில் கொடுத்து காமெடி பார்க்கச் சொல்கிறாள். யோகா ஆசிரியை சவாசனத்தில் படுக்கச் சொல்கிறார். படுத்துக் கண்ணை மூடினால்தான் நெஞ்சு படபடக்கிறது, எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது. வீட்டில் மாமியார் பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டாகப் படுக்கையில் இருக்கிறார். சக ஆசிரியை ஒருவர், தான் சாப்பிடும் மாத்திரையில் பாதி தருகிறேன் என்கிறார். எல்லோருக்கும் எளிதாக வருவது எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? ரிலாக்ஸாக இருக்க நான் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் அந்தப் பாதி மாத்திரை. வாங்காதீர்கள். என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. இப்படிக் கைமாறுபவை பெரும்பாலும் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் வகையாகத்தான் இருக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டிய மருந்து அது. முதல் நாள் அற்புதமாக வேலை செய்யும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களில் அதே அளவு போதாமல் போகலாம்; திடீரென்று நிறுத்தினால் பழைய படபடப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். அந்த மருந்து தேவைப்படுகிறவர்கள் உண்டு. அதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர் முடிவு செய்யட்டும்; ஆசிரியர் அறையில் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்து, உங்களுக்கு மட்டும் வரவில்லை என்ற வருத்தம். கண்ணை மூடித் தளர முயலும்போது பதற்றம் கூடுவது எங்கள் மனநலத் துறையில் நன்றாக அறியப்பட்ட ஒன்று. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய சகாவும் 1983-இல் இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். இதில் சுவையான விஷயம், தளர்வுப் பயிற்சிக்குப் பரவலாகப் பயன்பட்ட ஒரு கையேட்டை 1973-இல் எழுதிய இருவரில் ஒருவர் இதே போர்கோவெக். ஊருக்கெல்லாம் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தவரே, சிலருக்கு அந்தப் பயிற்சி பதற்றத்தைக் கிளப்புகிறது என்று பதிவு செய்தார். ஆகவே யோகா வகுப்பில் பக்கத்துப் பாயில் குறட்டை விடுபவரோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். மாவு மில்லை ஒட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு, மில் நின்ற பிறகுதான் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்கும். நாள் முழுக்க வகுப்பு, பஸ், சமையல், மாமியார் என்று ஓடும்போது இதயம் துடித்துக்கொண்டுதான் இருந்தது, கேட்க ஆளில்லை. படுத்ததும் கேட்கிறது. கேட்டதும் பயம், பயந்ததும் துடிப்பு இன்னும் வேகம்.

இரண்டாவது காரணத்தை மிஷெல் நியூமன், சாண்ட்ரா லெரா என்ற உளவியலாளர்கள் 2011-இல் விளக்கினார்கள். நீண்ட காலம் கவலையோடு இருப்பவர்கள், நிம்மதியாக இருக்கும் நேரத்தில் கெட்ட செய்தி வந்து தாக்குவதைத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதைவிட எப்போதும் கொஞ்சம் பதற்றமாகவே இருந்துவிடுவது அவர்களுக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. உங்கள் வீட்டை வைத்துப் பாருங்கள். அடுத்த அறையில் ஒரு நோயாளி. இருமல் மாறினால், சோறு தொண்டையில் சிக்கினால், கட்டிலிலிருந்து சரிந்தால் முதலில் எழ வேண்டியவர் நீங்கள். ஒன்றரை ஆண்டாகக் காதைத் திறந்துவைத்துத் தூங்கப் பழகியிருக்கிறது உங்கள் உடல். அதனிடம் போய் "கண்ணை மூடு, எல்லாவற்றையும் விடு" என்றால் அது சந்தேகப்படத்தான் செய்யும். அது தன் வேலையைச் சரியாகப் பார்க்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. உங்களுக்கு அறிவுரை சொன்ன ஐந்து பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள், ஐந்து வெவ்வேறு காரியங்களை மனதில் வைத்துக்கொண்டு. பல் மருத்துவர் தாடைத் தசையைப் பற்றிப் பேசினார். பொது மருத்துவர் நரம்பு மண்டலத்தின் உஷார் நிலை குறைய வேண்டும் என்றார். அல்லது, அடுத்த நோயாளி காத்திருந்ததால் சுருக்கமாக ஆறுதல் சொன்னார். கணவர் சொன்னது இடமாற்றம். மகள் சொன்னது கேளிக்கை. யோகா ஆசிரியை சொன்னது அசையாமல் கிடந்து மனதை உள்ளே திருப்புவது. ஐந்துமே மனிதருக்குத் தேவையானவைதான். ஆனால் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. காமெடி பார்த்துச் சிரிக்கும்போதும் தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியே இருக்கலாம். மலை ஏறிப் போன இடத்திலும் காது வீட்டு ஃபோனுக்காகவே காத்திருக்கலாம். உங்களுக்கு எது குறைகிறது என்று யாரும் கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் முயன்று, எதுவும் பலிக்காமல், குறை தன்னிடம்தான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறீர்கள்.

உடலிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் முறையீடும் அங்கேதான் தொடங்குகிறது. தசை சுருங்கச் சக்தி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தளரவும் சக்தி வேண்டும். நரம்பு வழியே கட்டளை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் வெளியாகிறது. மயோசின் என்ற புரதம் ஆக்டின் என்ற புரதத்தைப் பற்றி இழுக்கிறது. பிடித்த பிடியை விட, சக்தி தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வந்து மயோசினோடு சேர வேண்டும். வெளியான கால்சியத்தைத் திரும்ப அதன் சேமிப்பறைக்குள் இறைத்துத் தள்ளவும் ஏ.டி.பி. செலவாகிறது. உயிர் பிரிந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவது இதனால்தான்: ஏ.டி.பி. தீர்ந்துவிட்டது, பிடி விடுபடவில்லை. தளர்வது என்பது உயிருள்ள உடல் செலவு செய்து பார்க்கும் ஒரு வேலை.

உங்கள் தோளில் ஏ.டி.பி.க்குப் பஞ்சம் இல்லை, பயப்படாதீர்கள். அங்கே கட்டளைதான் ஓயவில்லை. கரும்பலகையில் எழுதி முடித்துக் கையை இறக்கிய பிறகும், விடைத்தாள் கட்டை மூடிவைத்த பிறகும், "தயாராக இரு" என்ற மெல்லிய சமிக்ஞை தோளுக்கும் தாடைக்கும் போய்க்கொண்டே இருக்கிறது. நாள்பட்டுப்போனதால் அது இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை.

கணித ஆசிரியைக்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்துக்கு ஒரு துடிப்பின் நேரம் 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது ஏறக்குறைய 0.3 விநாடி. மீதி 0.5 விநாடி அவை தளர்ந்து விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கின்றன. 24 மணி நேரத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 9 மணி நேரம் உழைப்பு, 15 மணி நேரம் தளர்வு. இடது கீழறையின் தசைக்குத் தேவையான ரத்தம் பெரும்பாலும் அந்தத் தளர்வு நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பின் வேகம் கூடும்போது அதிகம் வெட்டுப்படுவதும் அந்த நேரம்தான். இதயம் தன் 15 மணி நேரத்தைக் கோடை விடுமுறைக்குச் சேர்த்துவைப்பதில்லை. துடிப்புக்குத் துடிப்பு எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு நான் சொல்லப்போகும் பயிற்சியும் அந்த வகைதான். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொன்னால், அந்த ஒரு மணி நேரமே உங்களுக்கு இன்னொரு கடமையாகிவிடும்.

இதற்கான வழியை முறையாக ஆராய்ந்தவர் எட்மண்ட் ஜேகப்சன் என்ற அமெரிக்க மருத்துவர். 1908-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த காலத்திலேயே, திடீர்ச் சத்தம் கேட்டு மனிதர்கள் திடுக்கிடுவதை ஆராயத் தொடங்கினார். தசைகளைத் தளர்த்தி இருப்பவர்கள் அவ்வளவாகத் திடுக்கிடுவதில்லை என்று கண்டார். பிறகு சிகாகோவில், தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் கருவிகளோடு பல ஆண்டுகள் உழைத்தார். அசையாமல் படுத்திருப்பவர், தான் முழுக்கத் தளர்ந்துவிட்டதாக மனதார நம்பும்போதும், தசையில் எஞ்சிய இறுக்கம் இருப்பதை அந்தக் கருவிகள் காட்டின. அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது: ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கு, அந்த இறுக்கத்தைக் கவனி, பிறகு சட்டென்று விடு, வித்தியாசத்தைக் கவனி. 1929-இல் அவர் நூலாக வெளியிட்ட முறை மாதக்கணக்கில் கற்க வேண்டியதாக இருந்தது. 1950-களில் ஜோசப் வோல்பி என்ற மனநல மருத்துவர் அதைச் சுருக்கினார். நான் முன்பு சொன்ன 1973-ஆம் ஆண்டுக் கையேடு உடலைப் பதினாறு தசைக் கூட்டங்களாகப் பிரித்து இன்னும் எளிதாக்கியது. நம் மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் ஜே.பி.எம்.ஆர். (ஜேகப்சனின் படிப்படியான தசைத் தளர்வு) என்று சொல்லிக்கொடுப்பது இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

உங்களுக்கு இதைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன். படுக்க வேண்டாம், முதுகு சாயும் நாற்காலியில் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம். எதிர்ச் சுவரில் ஏதோ ஒன்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். மாமியாரின் அறைக் கதவு திறந்தே இருக்கட்டும், அவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டு உட்காருங்கள். வலது கையை முஷ்டியாக மடக்கி ஐந்து முதல் ஏழு விநாடி பிடியுங்கள். முழு பலமும் வேண்டாம், பாதி போதும். பிறகு மெதுவாகப் பிரிக்காமல் ஒரேயடியாக விட்டுவிடுங்கள். அரை நிமிடம் அந்தக் கையை மட்டும் கவனியுங்கள். கனம், வெதுவெதுப்பு, லேசான குறுகுறுப்பு, எது வந்தாலும் சரி. ஒன்றும் வராவிட்டாலும் சரி. பிறகு இடது கை. அப்புறம் இரண்டு தோள்களையும் காதை நோக்கி உயர்த்திப் பிடித்து, அப்படியே விழவிடுங்கள். தோளை இரண்டு முறை செய்யலாம். மூச்சை அடக்காதீர்கள். கழுத்தை வளைத்து இறுக்கும் பயிற்சிகளை, வலி இருக்கும் வரை, தொடவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் இவ்வளவுதான்.

தாடைக்குத் தனி விதி. பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவரைப் பல்லைக் கடித்துப் பயிற்சி செய்யச் சொல்வது அறிவீனம். அதற்குப் பதிலாக ஒரு நிலையைப் பழகுங்கள்: உதடுகள் மூடியிருக்கட்டும், மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் இருக்கட்டும், நாக்கின் நுனி மேல்முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் மேலண்ணத்தைத் தொடட்டும். ஓய்வாக இருக்கும் வாயில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர பற்கள் தொட்டுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நொடியில் உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பள்ளியில் பீரியடு மணி அடிக்கும் ஒவ்வொரு முறையும் இதே சோதனையைச் செய்யுங்கள்: பல் ஒட்டியிருக்கிறதா, தோள் ஏறியிருக்கிறதா, சிவப்புப் பேனாவை எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறோம். ஒட்டியிருந்தால் பிரியுங்கள், ஏறியிருந்தால் இறக்குங்கள். பத்து விநாடி வேலை. இரவில் பல்லுக்கு மாட்டும் கவசம் ஒன்றைப் பல் மருத்துவர் பரிந்துரைத்தால் செய்துகொள்ளுங்கள். அது பல் தேய்வதைத் தடுக்கும். கடிப்பதை நிறுத்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதற்றமாக இருப்பவரைப் பார்த்தால் சுற்றியிருக்கும் நான்கு பேரும் "ஆழமாக மூச்சை இழு" என்கிறார்கள். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருப்பார். இன்னும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் மரக்கும்; அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும். இழுப்பதை விட்டுவிடுங்கள். விடுவதை நீட்டுங்கள். சாதாரணமாக மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து மெதுவாக விடுங்கள். உள்மூச்சில் இதயம் சற்று வேகமாகவும் வெளிமூச்சில் சற்று மெதுவாகவும் துடிப்பது இயல்பு. இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் என்ற நரம்பின் வேலை அது. வெளிமூச்சை நீட்டுகிறவர் அந்த நரம்புக்கு வழிவிடுகிறார். நான்கைந்து மூச்சு போதும். பஸ்ஸில் நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

சவாசனத்தை நான் குறை சொல்லவில்லை. பிணம்போல் தரையில் மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கி மனதுக்கு ஓய்வு தரும் என்று பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக நூலிலேயே இருக்கிறது. மும்பையின் புகழ்பெற்ற இதய மருத்துவர் கே.கே. தாத்தே, ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சவாசனத்தைக் கற்றுக்கொடுத்து, அதன் பலனை 1969-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். நல்ல பயிற்சி, உங்களுக்கு அது முதல் பாடமாக வந்துவிட்டது என்பதுதான் சிக்கல். வகுப்பை விடாதீர்கள். ஆசிரியையிடம் நடப்பதைச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்தபடி, ஒருக்களித்துப் படுத்து அல்லது முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, இரண்டு நிமிடம் போதும் என்று கேளுங்கள். படபடப்பு வந்தால் எழுந்து ஓடாதீர்கள். அதோடு சண்டையும் போடாதீர்கள். விரல்களை அசைத்து, பாயின் சொரசொரப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருங்கள். எழாமல் இருந்தால் படபடப்பு தானாக இறங்குவதை ஒருமுறையாவது பார்ப்பீர்கள். நல்ல ஆசிரியை இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

ஹார்வர்டின் இதய மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன், தியானம் செய்பவர்களை ஆராய்ந்து, அச்சத்தில் உடல் கொள்ளும் உஷார் நிலைக்கு நேர் எதிரான ஒரு நிலை உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று 1975-இல் எழுதினார். அந்த நிலைக்குப் போக அவர் வலியுறுத்தியவற்றில் ஒன்று, நன்றாக நடக்கிறதா என்று கவலைப்படாமல் இருப்பது. ஆசிரியர்களுக்கு இதுதான் கடினம். மற்றவர் விடைத்தாளுக்கு மதிப்பெண் போட்டுப் பழகிய கை, தன் தளர்வுக்கும் போடத் துடிக்கும். போடாதீர்கள்.

உடலுக்கு இவ்வளவு. மகள் சொன்னதற்கு வருகிறேன். வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படி மீள்கிறார்கள் என்று ஜெர்மனியின் உளவியலாளர் சபைன் சோனென்டாக், தன் சகாவான சார்லட் ஃபிரிட்ஸோடு சேர்ந்து 2007-இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். அதில் தளர்வு நான்கில் ஒன்றுதான். வேலையிலிருந்து மனம் கழன்றுகொள்வது ஒன்று. புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது ஒன்று. இந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று நாமே முடிவு செய்வது ஒன்று. உங்கள் கடிதத்தைப் படித்தால், இந்தக் கடைசி ஒன்று உங்கள் வாழ்க்கையில் அறவே இல்லை என்று தோன்றுகிறது. காலை எழுவதிலிருந்து விளக்கணைப்பது வரை ஒவ்வொரு மணியும் பள்ளி மணியாலோ மருந்து நேரத்தாலோ தீர்மானிக்கப்படுகிறது. மகளின் செல்போன் அதை ஈடுகட்டாது. அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பதையும் அங்கே வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். கழுத்தும் குனிந்தே கிடக்கிறது. சிரிக்க வேண்டுமென்றால் மகளோடு உட்கார்ந்து பாருங்கள், அவள் பக்கத்தில் இருப்பது அந்தக் காட்சிகளைவிட நல்லது. அதற்கு மேல், பள்ளிக்கும் வீட்டுக்கும் பயன்படாத ஏதாவது ஒரு காரியத்தைத் தேடிக்கொள்ளுங்கள்: தையல், பாட்டு, சதுரங்கம், பெரிய புள்ளிக் கோலம், எதுவானாலும். கைக்கு வேலை இருக்கும்போதுதான் சிலருக்கு மனம் ஓய்கிறது. நீங்கள் அந்த ரகமாக இருக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

அடுத்த பகுதியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். ஐயா, கொடைக்கானல் நல்ல யோசனைதான். ஆனால் நான்கு பேருக்குத் துணி எடுத்துவைத்து, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி, அந்த ஆளுக்கு மருந்துப் பட்டியல் எழுதிக்கொடுத்து, போன இடத்திலிருந்து மூன்று வேளையும் ஃபோன் செய்து விசாரிக்க வேண்டியவர் யார்? இதெல்லாம் உங்கள் மனைவியின் தலையில்தான் என்றால், அவருக்கு அது இடம் மாறிய வேலை. நன்றாக அமைந்த விடுமுறையின் பலன்கூட வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்டுக்கு நான்கு நாளைவிட வாரத்துக்கு மூன்று மாலை அவருக்கு அதிகம் உதவும். அந்த மாலைகளில் இரண்டு மணி நேரம் உங்கள் அம்மா உங்கள் பொறுப்பு. ஒத்தாசை செய்வதைச் சொல்லவில்லை, பொறுப்பைச் சொல்கிறேன். எந்த மாத்திரை எப்போது, கடைசியாக எப்போது புரட்டிப் படுக்கவைத்தார்கள், துணி மாற்ற வேண்டுமா என்பதெல்லாம் மனைவியைக் கேட்காமலே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "இது எங்கே இருக்கிறது" என்று அடுக்களையைப் பார்த்து ஒருமுறை குரல் கொடுத்தாலும் அவருடைய காது மறுபடி திறந்துகொள்ளும். அந்த இரண்டு மணி நேரம் அவர் வீட்டில் இல்லாமல் வெளியே போய்விடுவது இன்னும் நல்லது.

வெளியிலிருந்தும் உதவி கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் ஆதரவுச் சிகிச்சையும் தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியாரின் பழைய மருத்துவச் சீட்டுகளோடு போய் விசாரியுங்கள். போவது கணவராக இருக்கட்டும்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். உங்கள் வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறுவதும் படபடப்பையும் இரவு வியர்வையையும் தரும்; அப்படி இருந்தால் மகளிர் நோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். கழுத்து வலி கைக்கு இறங்கி விரல்கள் மரத்தாலோ, கையில் பிடி தளர்ந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்தினாலோ, அந்த வலி தாடைக்கோ கைக்கோ பரவினாலோ, மயக்கம் வந்தாலோ, முன்பு எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் செய்து பாருங்கள். தலைவலி வரும் நாட்களை நாட்காட்டியில் ஒரு புள்ளி வைத்துக் குறித்துவாருங்கள், அது போதும். குறையவே இல்லை என்றாலோ, அதற்குள் தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுகை வந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, அது பயிற்சியால் மட்டும் தீரும் விஷயம் அல்ல. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் நேரில் பேசுங்கள். அதுவரை காத்திருக்க முடியாத இரவு ஏதாவது வந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.